தீபாவளி ஓப்பன் ஹவுஸ்: வீட்டில் சமைத்து விருந்து வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் தீபாவளிக்கு வீட்டிலேயே சமைத்து, சொந்தபந்தத்தையும் நண்பர்களையும் ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு அழைக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறை, இரண்டு அடுப்பு, ஒரு ரைஸ் குக்கர், ஒரு சாதாரண குளிர்சாதனப் பெட்டி, இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எல்லாப் பதிலும் எழுதியிருக்கிறேன். என் பிடிவாதம் ஒன்றே ஒன்று: சமைத்தவரும் வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு இடம் கொடுக்காத மெனு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை.

எதிலிருந்து தொடங்குவது? மெனுவிலிருந்தா, ஆள் கணக்கிலிருந்தா?

ஆள் கணக்கிலிருந்து. அதிலும் மொத்தம் எத்தனை பேர் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வீட்டுக்குள் இருப்பார்கள் என்பதுதான் முக்கியம். 40 பேரை அழைத்தாலும், சொந்தக்காரர்களுக்கு 12 மணி, அலுவலக நண்பர்களுக்கு 4 மணி என்று பிரித்துச் சொன்னால் சமாளித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் அழைக்கும்போது எத்தனை மணிக்கு வரலாம் என்பதோடு எத்தனை மணி வரை என்பதையும் எழுதிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து அடுப்பை எண்ணுங்கள். இரண்டு அடுப்பில் ஐந்து குழம்பைச் சுடவைக்க முடியாது. சோறு ரைஸ் குக்கரில், குழம்பும் பிரட்டலும் அடுப்பில், பச்சடி, பலகாரம் போன்றவை சூடு தேவையில்லாதவை என்று பங்கு போட்டுப் பாருங்கள். பங்குக்குள் அடங்காததை மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தீபாவளி அன்றே எல்லாரையும் அழைக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. அன்று விடியற்காலையிலேயே எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, பெரியவர்கள் காலில் விழுவது, கோயில் என்று வேலை வரிசையாக இருக்கிறது. வீராமகாளியம்மன் கோயிலுக்கோ பெருமாள் கோயிலுக்கோ போய் வரிசையில் நின்று திரும்பினாலே பாதி நாள் போய்விடும். அன்றைக்குக் காலை இட்லியும் குழம்பும், மதியம் நெருங்கிய உறவினர்களோடு ஒரு சாப்பாடு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நண்பர்களுக்கு அடுத்து வரும் சனி அல்லது ஞாயிறு. இந்த ஊரில் தீபாவளி முடிந்தும் ஓரிரு வாரத்துக்கு ஓப்பன் ஹவுஸ் நடப்பது வழக்கம்தான்.

நாள்காட்டியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 2024இல் அக்டோபர் 31 வியாழக்கிழமை வந்தது, 2025இல் அக்டோபர் 20 திங்கட்கிழமை. 2026இல் நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை, எனவே மறுநாள் திங்களும் விடுமுறை. அப்படி ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும் வருடத்தில் திங்கட்கிழமையை நண்பர்களுக்கு ஒதுக்கத் தோன்றும். செய்யலாம், ஆனால் சீன நண்பர்களைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் கேதார கௌரி விரதம் உண்டு. தீபாவளியன்று அசைவம் இல்லாமல் விருந்து வைத்தால் குறையாகத் தெரியாதா?

தெரியாது. சிங்கப்பூரில் பாதி வீடுகளில் மட்டன் வாசனையோடு பொழுது விடிந்தாலும், விரதமும் அமாவாசையும் பார்த்துச் சைவமாகக் கொண்டாடும் வீடுகளும் நிறைய இருக்கின்றன. காலையில் இட்லி, சாம்பார், மெதுவடை. மதியம் நெய்ச்சோறு, கத்தரிக்காய் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம். இதில் என்ன குறை? மட்டனுக்குப் பதில் ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்று இறைச்சி போலச் செய்து விற்கும் சைவ இறைச்சியைத் தேடி அலையாதீர்கள். அசைவம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் நண்பர்கள் வரும் வார இறுதியில் சமைத்துக்கொள்ளலாம்.

எத்தனை வகை செய்வது? 20 பேருக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு சோறு, ஒரு கறி, ஒரு பொரியல் அல்லது வறுவல், ஒரு பருப்பு வகை, ஒரு பச்சடி, ஒரு இனிப்பு. ஆறு. வருபவர்களில் பலர் அதே நாளில் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகப்போகிறார்கள். பன்னிரண்டு வகை வைத்தால் தட்டில் எல்லாம் ஒட்டிக்கொண்டு எதன் ருசியும் தெரியாமல் போகும்.

20 பேருக்கு நான் வைக்கும் கணக்கு இது. பாஸ்மதி அரிசி 2 கிலோ, அதாவது தலைக்கு 100 கிராம். எலும்போடு ஆட்டிறைச்சி 3 கிலோ. கோழியும் செய்வதாக இருந்தால் ஆட்டிறைச்சியை 2 கிலோவாகக் குறைத்துக்கொண்டு இரண்டு முழுக்கோழி. டால்ச்சாவுக்குப் பருப்பு அரைக் கிலோ, அதில் போட மாங்காய், கத்தரிக்காய், கேரட். வெள்ளரிக்காய் பச்சடிக்குத் தயிர் ஒன்றரைக் கிலோ. பாயசம் சின்னக் கப்பில் கொடுத்தால் 2 லிட்டர் போதும். பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அரிசியில் கால் கிலோ குறைக்கலாம், அப்பளத்தை மட்டும் இரட்டிப்பாக்குங்கள்.

காலை இட்லிக்கு ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் சுமார் 50 இட்லி வரும். நம் ஊர் வெப்பத்தில் மாவு இரவு எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

பிரியாணி செய்யலாமா, நெய்ச்சோறு போதுமா?

முதல் தடவை ஓப்பன் ஹவுஸ் வைப்பவர்களுக்கு என் பதில் நெய்ச்சோறு. தம் பிரியாணி அருமையானதுதான், ஆனால் அது சமைப்பவரை அடுப்பை விட்டு நகர விடாது. சோறு குழைந்தாலோ அடிப்பிடித்தாலோ அதே நாளில் இன்னொரு முறை செய்ய நேரமும் இருக்காது. நெய்ச்சோறும் மட்டன் பிரட்டலும் தனித்தனி. கறியை முதல் நாளே முடித்துவிடலாம், சோறு மட்டும் அன்றைக்கு. காரம் வேண்டாத குழந்தைக்கு வெறும் சோறும் தயிர்ப் பச்சடியும் கொடுக்கலாம். சைவம் சாப்பிடுபவருக்கும் அதே சோறு.

நெய்ச்சோற்றில் நம் ஊர் மணம் வருவது பண்டான் இலையால். ஒரு கிலோ அரிசிக்கு மூன்று இலையைக் கழுவி ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரிசியைத் தண்ணீர் தெளியும் வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, கண்ணுள்ள வடிதட்டில் கொட்டி நன்றாக வடியவிடுங்கள். இந்த வடியவிடுவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். ஈரத்தோடு நெய்யில் போட்டால் அரிசி வறுபடாது, உடையும். நெய்யும் கொஞ்சம் எண்ணெயும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிறகு நீளமாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, பண்டான் முடிச்சு. மணம் எழும்பியதும் அரிசியைப் போட்டு, கரண்டியை அடியிலிருந்து மெதுவாகத் தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். அரிசியின் ஓரம் கண்ணாடி மாதிரி தெரிய ஆரம்பித்தால் போதும். ரைஸ் குக்கருக்கு மாற்றி, ஊறிய அரிசி ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. சுவிட்ச் தட்டியதும் உடனே திறக்காமல் பத்து நிமிடம் விட்டு, முள்கரண்டியால் கிளறுங்கள். இரண்டு கிலோவையும் ஒரே பாத்திரத்தில் போடாமல் ஒவ்வொரு கிலோவாகச் சமையுங்கள், அடிச்சோறு குழையாது.

மட்டனை முதல் நாளே சமைத்தால் ருசி குறையாதா?

கூடும். மசாலா இறைச்சிக்குள் இறங்க ஓர் இரவு கிடைக்கிறது. மேலே உறைந்து நிற்கும் கொழுப்பைக் காலையில் கரண்டியால் எடுத்துவிடவும் முடியும். தேங்காய்ப் பாலையும் உருளைக்கிழங்கையும் மட்டும் முதல் நாள் சேர்க்க வேண்டாம். பால் சேர்த்த கறி சீக்கிரம் கெடும், கிழங்கு மறுநாள் மாவாகிவிடும். இரண்டையும் பரிமாறும் நாளில் சேருங்கள்.

சாமான் வாங்கத் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு) எப்போது போவது?

கெடாத சாமான்களை, அதாவது அரிசி, பருப்பு, நெய், மசாலா, முந்திரி, காகிதத் தட்டு போன்றவற்றை, இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். கடைசி வார இறுதியில் சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் நடக்கவே இடம் இருக்காது. விளக்கு அலங்காரம் பார்க்கப் போவதை ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாமான் வாங்கப் போவதை வேறொரு நாள் காலைக்கு. இரண்டையும் சேர்த்தால் பிள்ளைகளுக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு.

தேக்கா ஈரச்சந்தையில் இறைச்சிக்கு முன்பதிவு செய்துவிடுவது நல்லது. எத்தனை கிலோ என்பதோடு எதற்கு என்றும் சொல்லுங்கள். பிரட்டலுக்கு என்றால் ஒரு மாதிரி வெட்டுவார்கள், குழம்புக்கு எலும்பு கூடுதலாகப் போடுவார்கள். திங்கட்கிழமைகளில் ஈரச்சந்தைகளில் பல கடைகள் மூடியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். வாழையிலை, கறிவேப்பிலை, வெற்றிலை, பூ ஆகியவற்றை முதல் நாள் வாங்கினால் போதும்.

முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள். ஹலால் கடையில் இறைச்சி வாங்கினால் போதுமா?

அது முதல் படி, முழுவதும் அல்ல. சாஸ், சூப் கட்டி, ஜெல்லி, கேக் எசன்ஸ் ஆகியவற்றிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் முத்திரை உள்ளவற்றை வாங்குங்கள். பன்றி இறைச்சி சமைத்த பாத்திரமாக இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும், முஸ்லிம் அல்லாதவர் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிடுவதில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிலைப்பாடு இருக்கும். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

எனவே அழைக்கும்போதே நேராகக் கேட்டுவிடுங்கள்: "கறி ஹலால் கடையில் வாங்கி வீட்டில் சமைக்கிறேன், உங்களுக்குச் சரியா? இல்லை ஹலால் கேட்டரிங்கில் சொல்லிவிடட்டுமா?" இப்படிக் கேட்டால் அவர்களுக்கும் பதில் சொல்வது எளிது. வெளியில் வாங்குவதாக இருந்தால் அந்தப் பெட்டிகளைத் தனி மேசையில், பெயர் தெரியும்படி, தனிக் கரண்டியோடும் காகிதத் தட்டோடும் வையுங்கள். வீட்டில் சமைத்ததை "ஹலால்தான், சாப்பிடுங்கள்" என்று நாமே சான்றிதழ் கொடுக்க வேண்டாம். எங்கே வாங்கியது, எதில் சமைத்தது என்று சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுவதுதான் மரியாதை.

சீன நண்பர்களுக்குக் காரம் குறைவாக ஏதாவது செய்ய வேண்டுமா?

காரத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். மீன் தலைக் கறியும் மைசூர் மட்டனும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள், சிலர் நம்மைவிடக் காரம் தாங்குவார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. பௌத்தர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் பலர் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. நாம் சைவம் என்று ஆசையாக வைக்கும் குருமாவும் சாம்பாரும் அவர்களுக்கு ஆகாமல் போய்விடும். முட்டை, பால் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். சீன நாள்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மட்டும் சைவம் இருப்பவர்கள் உண்டு. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது, சீன மாதமும் அமாவாசையில் பிறப்பது. அதனால் தீபாவளிக்கு மறுநாள் அவர்களுக்குப் பல வருடங்களில் மாதப் பிறப்பாக இருக்கும். 2024, 2025 இரண்டிலும் அப்படித்தான், 2026 நவம்பர் 9 திங்களும் அப்படியே. அன்றைக்கு விருந்து வைத்தால் வெங்காயம், பூண்டு இல்லாத இரண்டு வகையாவது இருக்கட்டும். எலுமிச்சைச் சோறு, தேங்காய்த் துருவல் போட்ட பீன்ஸ் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு எல்லாமே வெங்காயம் இல்லாமல் நன்றாக வரும். மற்றதைத் தொடங்குமுன், கழுவிய வாணலியில் அவற்றை முதலில் முடித்து மூடி வைத்துவிடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் வந்தால்?

முந்திரி, பால், கோதுமை, முட்டை, கடலை, எள், இறால். நம் பலகாரங்களில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். பலர் கவனிக்காதது பெருங்காயம்: கடையில் விற்கும் தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவருக்கு அரிசி முறுக்குதானே என்று கொடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு டப்பாவிலும் என்னென்ன போட்டது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ஒரே எண்ணெயில் எல்லாவற்றையும் பொரித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஜி6பிடி குறைபாடு, அதாவது சில உணவும் மருந்தும் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு, உள்ள பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு அதற்கான சோதனை செய்வதால் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்குக் காச்சாங் பாராங் (ஃபாவா பீன்ஸ்) ஆகாது. கலவைப் பலகாரம் வாங்கினால் அது கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முறுக்கு, அதிரசம் எல்லாம் வீட்டில் செய்ய வேண்டுமா, வாங்கிவிடலாமா?

ஒன்றோ இரண்டோ வீட்டில் செய்யுங்கள், மற்றதை வாங்குங்கள். முறுக்கு சுடும் நாள் வீட்டில் ஒரு தனிக் கலகலப்பு. பாட்டி பிசைய, பிள்ளைகள் உழக்கைப் பிழிய, ஒருவர் எடுக்க. அதை இழக்க வேண்டாம். நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு. இரண்டையும் சலித்து, எள், ஓமம், உப்பு, இரண்டு கரண்டி சூடான எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். சலிக்காத மாவில் கட்டி இருந்தால் எண்ணெயில் வெடிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது இதில் கவனம் தேவை. நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், இந்த ஊர் ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் திறந்திருந்தாலும் நமத்துவிடும்.

சுலபமாக வேண்டும் என்றால் நெய் உருண்டை அல்லது சூஜி பிஸ்கட். அச்சு முறுக்கும் அதிரசமும் கைப்பழக்கம் கேட்பவை. அவற்றை வீட்டிலிருந்தே செய்து விற்கும் அக்காமார்களிடம் சொல்லிவிடலாம். மூன்று நான்கு வாரம் முன்பே சொல்லுங்கள், கடைசி நேரத்தில் பேரம் பேசாதீர்கள். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். ஆறியதும் பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள்.

சாப்பாடு மேசையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

இரண்டு மணி நேரம். ஓப்பன் ஹவுஸில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், நம் வீட்டு மேசையோ பகலில் 30 டிகிரியில் இருக்கிறது. 12 மணிக்கு வைத்த கறி 5 மணிக்கும் அதே தட்டில் இருந்தால், பார்க்கவும் முகரவும் நன்றாக இருந்தாலும், அதைப் பரிமாறக் கூடாது.

சோறு இன்னும் கவனம் கேட்பது. அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. எனவே சோற்றை ரைஸ் குக்கரில் சூடாகவே வைத்திருங்கள். மேசையில் சின்னப் பாத்திரத்தில் கொஞ்சமாக வைத்து, தீரத் தீர நிரப்புங்கள். பழைய பாத்திரத்தின் மேலேயே புதியதைக் கொட்டாமல் பாத்திரத்தை மாற்றுங்கள். இரண்டாவது கூட்டம் 4 மணிக்கு என்றால் இரண்டாவது கிலோ அரிசியை 3 மணிக்குப் போடுங்கள்.

முதல் நாள் சமைத்த கறியைப் பெரிய சட்டியோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மறுநாள் நன்றாகக் கொதிக்க விட்டு இறக்குங்கள். தேங்காய்ச் சட்னியைக் கடைசியாக எடுத்து வைத்து, முதலில் உள்ளே கொண்டுபோய்விடுங்கள்.

அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இனிப்பே வைக்க வேண்டாமா?

வையுங்கள், சின்னதாக. பாதாம் அல்வா ஒரு தேக்கரண்டி, நெய் உருண்டை கோலியளவு. பண்டுங் (ரோஸ் சிரப் கலந்த பால்), பாட்டில் பானங்களைத் தவிர்த்தாலே பாதி சர்க்கரை குறையும். இங்கே விற்கும் பானங்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு அளவை வைத்து நியூட்ரி-கிரேட் முத்திரை ஏ முதல் டி வரை இருக்கிறது, ஏ அல்லது பி உள்ளதை எடுங்கள். மோரும் சர்க்கரை போடாத இஞ்சித் தேநீரும் கூடவே இருக்கட்டும். பெரியவர்களை மாலை வரை பசியோடு காக்கவைக்காமல், மருந்து நேரத்துக்கு அவர்களுக்கு முதலில் பரிமாறிவிடுங்கள்.

வீடு சின்னது. 15 பேர் எங்கே உட்கார்வார்கள்?

சோபாவை ஓரம் தள்ளிப் பாய் விரியுங்கள். உணவு மேசையைச் சுவரோடு ஒட்டிவிட்டு, தட்டை அதன் ஒரு முனையிலும், தண்ணீரை அறையின் வேறொரு மூலையிலும் வைத்தால் நெரிசல் குறையும். வாசலில் செருப்புக் குவியலைக் கவனியுங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு முந்தின நாளே ஒரு தட்டுப் பலகாரத்தோடு போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், அவர்களையும் அழையுங்கள்.

"என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது?

"ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். ஐஸ் இரண்டு பை, வெட்டிய பழம், தயிர் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நெருங்கிய சொந்தமாக இருந்தால் ஒரு வகையையே கொடுத்துவிடலாம். டால்ச்சா அத்தை வீட்டிலிருந்து வருகிறது என்றால் உங்கள் அடுப்பில் ஓர் இடம் காலி.

பணிப்பெண் இருக்கிறார். வேலையை எப்படிப் பிரிப்பது?

அவரது ஓய்வு நாளில் ஓப்பன் ஹவுஸ் வைக்காதீர்கள். மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்று 2023 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. விருந்து நாளில் அவரும் சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், எல்லாம் தீர்ந்த பிறகு அல்ல. பாத்திரம் கழுவும் முறையை வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகளும் சேர்ந்து மணிக்கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மீந்ததை என்ன செய்வது?

பிளாஸ்டிக் டப்பா 20 முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். மேசையில் கிடந்ததைக் கொடுக்க வேண்டாம். அடுப்பிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் இருப்பதிலிருந்து தபாவ் (வீட்டுக்குக் கொண்டுபோகும் பொட்டலம்) கட்டிக் கொடுங்கள். முறுக்கும் சூஜி பிஸ்கட்டும் எத்தனை தூரமும் போகும். கறியை, நேராக வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கட்டுங்கள். அடுத்த வீட்டு ஓப்பன் ஹவுஸுக்குப் போகிறவர் கையில் மட்டன் கொடுத்தால் அது காரிலேயே மூன்று மணி நேரம் கிடக்கும்.